விமானத்தில் எந்தப் பக்கம் அமர்வது?

மைசூர் நகரின் வடமேற்கில் ஹெப்பாள் என்னும் பகுதி உள்ளது. பெங்களூரிலும் இப்பெயரில் ஓரிடம் உண்டு. இங்குக் கூறப்படுவது அதுவன்று. மைசூர் ஹெப்பாளில் தொழிற்சாலைகள் பல இருக்கின்றன. இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் பெரிய பயிற்சி வளாகமும் அங்குதான் உள்ளது. அவற்றிற்கிடையே அதே பெயருடைய ஏரி ஒன்றும் உண்டு. கழிவுநீர் கலந்து நெடுங்காலம் கெட்டுக் கிடந்த அவ்வேரி, அண்மை ஆண்டுகளில் சீர்செய்யப்பட்டது. கரைமீது நின்று நோக்குவோருக்கு அது ஒரு தனி ஏரியாகவே தோன்றும். அது எச்சரிவில் அமைந்துள்ளது, அதற்கு மேலும் கீழும் எந்த ஏரிகள் உள்ளன, நகரம் அவற்றை எவ்வாறு நெருக்கியுள்ளது என்பனவற்றைக் கரையில் நின்று அறிய இயலாது. நிலப்படம் இவற்றைக் கூறும். எனினும் நிலப்படம் என்றோ ஒரு நாள் வரையப்பட்டது. இன்று ஏரியில் நீர் உள்ளதா என்பதை அது கூறாது.

நிலத்தைக் கால்நடையாகவே அறிந்து பழகிய கள ஊழியருக்கும், அதனை வகுப்பறையில் விளக்கும் ஆசிரியருக்கும், ஆற்றுப்படுகை முழுவதையும் ஒரே பார்வையில் காணும் வாய்ப்பு விமானப் பயணத்தில்தான் கிட்டுகிறது. அவ்வாய்ப்பு அடிக்கடி வருவதன்று. சென்னையிலிருந்து மைசூருக்கு ஏறத்தாழ 390 கிலோமீட்டர். சுழல்விசிறி விமானத்தில் ஒரு மணிக்குச் சற்று மேற்பட்ட பயணம். அந்த ஒரு மணி நேரமும் கண்கூசும் ஒளியையோ, இறக்கையின் மேற்பரப்பையோ பார்த்துக்கொண்டு வருபவர் பலர். “இடப்பக்கமே சிறந்தது” என்று ஒருவர் கூற, மற்றவரும் அதனை நம்பி அமர்கின்றனர். அவ்வாறு ஒரு நிலையான விதி கிடையாது. எனினும் ஒரு நிலப்படமும், புறப்படும் நேரமும், மாதமும் தெரிந்தால், எந்தப் பக்கம் அமர்வது என்பதை முன்கூட்டியே பெரும்பாலும் முடிவு செய்துகொள்ளலாம்.

இருக்கை எண்களில் ‘ஏ’ என்னும் எழுத்துடையது எப்போதும் இடப்பக்கச் சாளரம். வரிசையின் இறுதி எழுத்து வலப்பக்கச் சாளரம். இடம், வலம் என்பன விமானம் செல்லும் திசையை நோக்கி அமர்ந்தவரின் இடமும் வலமுமாம். வரிசை எது என்பதும் கவனிக்கத்தக்கது. மைசூர் விமான நிலையம் 2010ஆம் ஆண்டு விரிவாக்கப்பட்டுத் திறக்கப்பட்டபோது அதன் ஓடுபாதை 1,740 மீட்டர் நீளமே உடையதாயிருந்தது. ஆதலால் அங்குப் பெரும்பாலும் வந்து சென்றவை ஏ.டி.ஆர். 72 போன்ற சுழல்விசிறி விமானங்களே. இவற்றில் இறக்கை உடலின் மேற்புறத்தில் பொருத்தப்பட்டுள்ளது. தரையை நோக்குபவருக்கு இது பெரும் நன்மை. முன்பகுதியில் சில வரிசைகளுக்கு மட்டும் எஞ்சினும் விசிறியும் சற்று மறைக்கும், பின்வரிசைகள் தடையற்றவை. ஜெட் விமானங்களிலோ இறக்கை சாளரத்துக்குக் கீழே இருப்பதால், நடுவரிசைகளில் அமர்ந்தவர் நிலத்தைக் காண்பதரிது. இறக்கைக்குச் சற்றே பின்னால் அமர்ந்தால், எஞ்சினிலிருந்து வெளிவரும் வெப்பக் காற்றின் வழியே நோக்க நேர்ந்து, காட்சி கானல் போல நெளியும். இறக்கைக்கு முன்னரோ, நன்கு பின்னரோ அமர்வதே தக்கது.

நிலப்படத்தில் ஒரு கோடு

சென்னை விமான நிலையத்தையும், மைசூருக்குத் தெற்கே மண்டகள்ளியில் உள்ள விமான நிலையத்தையும் நிலப்படத்தில் ஒரு நேர்கோட்டால் இணைத்தால், அக்கோடு மேற்கு நோக்கிச் சற்றே தெற்குச் சாய்வாகச் செல்வதைக் காணலாம். ஆகவே மைசூருக்குச் செல்பவருக்கு வலப்பக்கம் வடக்கு, இடப்பக்கம் தெற்கு. திரும்பி வருபவருக்கு இது நேர்மாறு. வேலூர் இக்கோட்டுக்கு வடக்கே 17 கிலோமீட்டரளவில் உள்ளது. ஜவ்வாது மலை தெற்கே உள்ளது. அம்மலையில் காவலூரில் அமைந்த வைணு பாப்பு வானாய்வகம் கோட்டிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர் தெற்கு. பெங்களூர் வடக்கே 60 கிலோமீட்டர்; ஒகேனக்கல் தெற்கே 40 கிலோமீட்டர்.

இவற்றுள் எவை கண்ணுக்குப் புலப்படும்? விமானம் தரையிலிருந்து 5 கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதாகக் கொள்வோம். அவ்வுயரத்திலிருந்து தொடுவானம் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆனால் தொடுவானம் வரை உள்ள அனைத்தும் தெரியும் என்று எண்ணுவது தவறு. 14 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காவலூரை நோக்கும்போது பார்வை கிடைநிலையிலிருந்து 20 பாகை கீழே சாய்கிறது; தெளிந்த நாளில் அதன் கட்டடங்கள் காட்டின் நடுவே வெண்புள்ளிகளாகத் தெரிய இடமுண்டு. ஒகேனக்கலுக்குச் சாய்வு 7 பாகை மட்டுமே. பெங்களூருக்கு 5 பாகைக்கும் குறைவு. இவ்வாறு சாய்வு குறையக் குறைய, பார்வை தரையை ஒட்டிய தூசும் ஈரமும் நிறைந்த காற்றடுக்கினூடே நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருக்கிறது. உருவங்கள் நீலச் சாம்பல் நிறத்தில் கரைந்துவிடுகின்றன. உயரமான மலைகள் மட்டுமே இதற்கு விலக்கு. தில்லியிலிருந்து குவஹாத்திக்குச் செல்பவர் இடப்பக்கம் அமர்ந்தால் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் இமயத்தின் பனிமுடிகளைக் காண்பது, அவை அத்தூசி அடுக்குக்கு மேலே நிற்பதனால்தான்.

மறுபுறம், விமானத்துக்கு நேர் கீழே உள்ள பொருள் எந்தச் சாளரத்துக்கும் அகப்படாது. கபினி ஆறு காவிரியுடன் கூடும் திருமகூடலு நரசிபுரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது மண்டகள்ளி ஓடுபாதைக்கு நேர் கிழக்கே, சுமார் 27 கிலோமீட்டரில், ஓடுபாதையின் நீட்சிக் கோட்டுக்கு மிக அருகே அமைந்துள்ளது. கிழக்கிலிருந்து நேராக இறங்க வரும் விமானம் இரண்டொரு கிலோமீட்டர் வடக்கே விலகினால் சங்கமம் இடப்பக்கத்தாருக்குத் தெரியும். தெற்கே விலகினால் வலப்பக்கத்தாருக்கு. விலகாவிடில் எவருக்கும் இல்லை. 1902ஆம் ஆண்டு கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பிய சிவசமுத்திரத்தின் நிலையும் ஏறக்குறைய இதுவே. கோட்டை ஒட்டியுள்ள இத்தகைய இடங்களைக் கணக்கில் கொண்டு பக்கத்தைத் தெரிவு செய்தல் வீண். பக்கவாட்டில் ஐந்து முதல் இருபது கிலோமீட்டர் வரை விலகியுள்ள பொருள்களே கணக்கிடத் தக்கவை.

சூரியன் நிற்கும் பக்கம்

வட நாட்டு நூல்களிலும் மேனாட்டு நூல்களிலும், சூரியன் தெற்கே நிற்பதால் வடக்குச் சாளரமே நிழலானது என்று கூறப்பட்டிருக்கும். தென்னாட்டில் இவ்விதி ஆண்டு முழுவதும் பொருந்தாது. மைசூர் 12.3 பாகை வட அட்சத்தில் உள்ளது. ஏப்ரல் 22ஆம் நாளையொட்டிச் சூரியன் அங்கு நண்பகலில் உச்சிக்கு வருகிறது; பின்னர் வடக்கே சென்று, ஆகஸ்டு 21ஆம் நாளையொட்டி மீண்டும் உச்சியைக் கடந்து தெற்கே வருகிறது. இடைப்பட்ட நான்கு மாதங்களில் நண்பகற் சூரியன் வடக்கே நிற்கும். ஜூன் மாதக் கடைசியில் அது கிழக்குக்கு 24 பாகை வடக்கே உதிக்கிறது; டிசம்பர்க் கடைசியில் அதே அளவு தெற்கே உதிக்கிறது.

இதனால் விளைவது யாதெனில், மைசூர் செல்லும் விமானத்தில் டிசம்பர் மாதத்தில் காலையானாலும் மாலையானாலும் இடப்பக்கமே வெயிற்பக்கம். ஜூன் மாதத்து மாலையிலோ சூரியன் வலப்புறம் முன்னே நிற்கும். ஜூன் மாதக் காலையில் அது ஏறக்குறைய வாற்புறத்திலேயே இருப்பதால் இரு பக்கங்களுக்கும் பெரும் வேறுபாடில்லை. நண்பகலை ஒட்டி எம்மாதத்திலும் சூரியன் உயர்ந்து நிற்பதால் வேறுபாடு குறைந்துவிடும்.

வெயிற்பக்கத்துச் சாளரம் நோக்குவதற்குத் தொல்லையானது என்பது பொதுக் கருத்து. அதற்குக் காரணங்கள் உண்டு. காற்றிலுள்ள தூசித் துகள்கள் தம்மீது படும் ஒளியை முன்னோக்கியே மிகுதியாகச் சிதறச் செய்கின்றன. ஆகவே சூரியன் உள்ள திசையில் நோக்கினால் தூசிப்படலம் வெண்திரை போல் ஒளிர்ந்து நிலத்தை மறைக்கும். எதிர்த்திசையில் நோக்கினால் அதே படலம் மங்கி, நிலத்தின் நிறங்கள் தெளிவாகும். சாளரத்தின் பிளாஸ்டிக் தகட்டிலுள்ள நுண்கீறல்களும் வெயில் பட்டதும் பளிச்சிடத் தொடங்கும். பயிரின் பச்சை, செம்மண், கரிசல், கற்பாறை ஆகியவற்றை வேறுபடுத்திக் காண விரும்புவோருக்கு நிழற்பக்கமே உரியது.

ஆனால் நீர்நிலைகளைக் காண விரும்புவோருக்கு நிலைமை வேறு. கள ஊழியர் இதனைச் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டும். அமைதியான நீர்ப்பரப்பு ஒரு கண்ணாடி. சூரியன் கிடைநிலைக்கு மேல் 30 பாகையில் நின்றால், அப்பக்கத்தில் கிடைநிலைக்குக் கீழ் 30 பாகையில் உள்ள நீர் அதன் ஒளியை நேரே கண்ணுக்குத் திருப்பும். 5 கிலோமீட்டர் உயரத்தில் அவ்விடம் விமானத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில் அமையும். விமானம் முன்செல்ல அவ்வொளிப் புள்ளியும் நிலத்தின்மீது உடன் ஓடும். அதன் பாதையில் வரும் ஒவ்வோர் ஏரியும், குளமும், வாய்க்காலும், ஏன், வயலில் தேங்கிய நீரும், ஒரு கணம் வெள்ளித் தகடு போல் மின்னி அணையும். மேல் ஏரி, அதன் கலிங்கு நீர் சென்று சேரும் கீழ் ஏரி, அதற்குக் கீழே மற்றொன்று என ஏரித்தொடர் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிர்வதைக் கண்டவர், தொடர் என்ற சொல்லின் பொருளை மறக்கமாட்டார்.

நிழற்பக்கத்தில் அமர்ந்தவருக்கு இவ்வொளி கிட்டாது. அவருக்கு நீர் தன் இயல்பான நிறத்தில் தோன்றும். கலங்கல் நீர் மண்ணிறமாகவும், பாசி படர்ந்தது பசுமையாகவும், ஆழ்ந்து தெளிந்தது கருமையாகவும் தெரியும். கலங்கிய சிற்றேரியை வறண்ட செம்மண் எனவும், ஆகாயத்தாமரை மூடிய ஏரியைப் பசும்புல் வெளி எனவும் அவர் எளிதில் தவறாகக் கருதக்கூடும். அதுபோன்றே வெயிற்பக்கத்தில் அமர்ந்தவர், மின்னியதனைத்தையும் நல்ல நீரெனக் கொள்ளக்கூடும். சாக்கடை நீரும் அவ்வாறே மின்னும். எங்கு நீர் உள்ளது என்பதை ஒரு பக்கம் கூறுகிறது. அந்நீர் எத்தகையது என்பதை மறுபக்கம் கூறுகிறது. ஒரு பக்கத்திலிருந்து கண்டதை மட்டும் கொண்டு “வழியிலுள்ள ஏரிகளெல்லாம் வறண்டு கிடக்கின்றன” என்று குறிப்பேட்டில் எழுதுவதற்கு முன் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். செல்லும்போது ஒரு திசையும், திரும்பும்போது அதே திசையும் நோக்குமாறு இருக்கையை மாற்றி, நேரத்தையும் மாற்றி அமைத்துக்கொண்டால், ஒரே ஏரிகளை இருவகை ஒளியிலும் காணலாம். டிசம்பரில் காலையில் சென்று மாலையில் திரும்பினால் தென்புறம் இருவேளையும் வெயிற்பக்கமாகவே இருக்கும். எனவே திங்களை மாற்றினாலன்றி இது முற்றிலும் கைகூடாது என்பதையும் கூறவேண்டும்.

இதனை ஹெப்பாள் பள்ளி ஒன்றின் முற்றத்திலேயே மாணவர்க்குக் காட்டலாம். காலை வெயிலில் ஐந்தாறு தட்டுகளைத் தரையில் பரப்பி, சிலவற்றில் தெளிந்த நீரும், சிலவற்றில் கலங்கல் நீரும், சிலவற்றில் ஈரமண்ணும் இடுக. மாணவர் சூரியனை நோக்கியவாறு சிறிது தொலைவில் நின்று பார்க்கட்டும்; பின்னர் சூரியனுக்கு முதுகு காட்டி எதிர்ப்புறத்திலிருந்து பார்க்கட்டும். எத்தட்டில் நீர் உள்ளது, எதில் கலங்கல் உள்ளது என்று இருமுறையும் எழுதச் செய்தால், இரண்டு பட்டியல்களும் ஒத்திரா. தட்டுக்குத் தட்டு மாணவர் வாதிடத் தொடங்குவர், அதுவே பாடம்.

நிழற்பக்கத்தில் அமர்ந்தவருக்கும் ஒரு தனிப் பரிசு உண்டு. கீழே மேகப்பரப்பு இருந்தால், சூரியனுக்கு நேர் எதிரே விமானத்தின் நிழல் அதன்மீது விழும். அந்நிழலைச் சுற்றி வண்ண வளையங்கள் ஒன்றனுள் ஒன்றாகத் தோன்றும். நுண்ணிய நீர்த்திவலைகள் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால் விளையும் தோற்றம் இது. வானவில்லைப் போன்று பெரிதன்று, சில பாகை அகலமே உடையது. சூரியன் 30 பாகை உயரத்தில் இருந்தால் இதனையும் 30 பாகை கீழேயே தேடவேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நிலம் மறைந்துவிட்டதே என்று வருந்துவோர் இதனைத் தேடிப் பார்க்கலாம்.

காலையிலும் மாலையிலும் நிழல்கள் நீளும்போது, நண்பகலில் தட்டையாகத் தோன்றும் நிலத்தில் வரப்பு, பழங்கரை, மண்மேடு, ஓடை அரிப்பு ஆகியன புடைத்துத் தெரியும். இங்கிலாந்தில் 1924ஆம் ஆண்டு கிராஃபோர்டு என்பார் விமானத்திலிருந்து எடுத்த படங்களால், தரையில் நடந்து காணவியலாத பழங்காலக் குடியிருப்புகளின் தடயங்களை ஆராய்ந்தார். மண் அரிப்பைக் கண்காணிப்போருக்கும் இதே சாய்ந்த வெயில் உதவும்.

காற்றும் ஓடுபாதையும்

இதுகாறும் கூறியவை உயரப் பறக்கும் நேரத்துக்குரியவை. இறங்கும் நேரத்துக் கணக்கு வேறு. விமானம் காற்றை எதிர்த்தே ஏறவும் இறங்கவும் விரும்பும். மண்டகள்ளி ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது; அதன் இரு முனைகளும் 09, 27 என்னும் எண்களால் குறிக்கப்படுகின்றன. 09 என்பது 90 பாகை, அதாவது கிழக்கு நோக்கிய ஓட்டம். 27 என்பது 270 பாகை, மேற்கு நோக்கியது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சென்னையிலிருந்து வரும் விமானம் பெரும்பாலும் மேற்கு நோக்கி நேராக இறங்கலாம். அப்போது வடக்கிலுள்ள சாமுண்டி மலை வலப்பக்கத்தாருக்குரியது. வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் விமானம் நிலையத்தைக் கடந்து மேற்கே சென்று திரும்பிக் கிழக்கு நோக்கி இறங்க நேரிடும். அப்போது அதே மலை இடப்பக்கத்தாருக்குப் போய்விடும். “போன முறை வலப்பக்கம் தெரிந்தது” என்னும் அனுபவ வாக்கு பொய்ப்பது இதனாலேயே.

சாமுண்டி மலையின் உச்சி கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,060 மீட்டர். விமான நிலையம் ஏறத்தாழ 720 மீட்டர். இறங்கும் விமானம் வழக்கமாக 3 பாகைச் சரிவில் வருகிறது. ஆகவே ஓடுபாதைக்கு ஆறரைக் கிலோமீட்டர் இருக்கும்போதே அது மலையுச்சியின் மட்டத்துக்கு வந்துவிடுகிறது. அதன்பின் இரண்டு நிமிட நேரம் பயணி மலையைக் கீழ்நோக்கியன்று, மேல்நோக்கியே பார்க்கிறார். 5 கிலோமீட்டர் உயரத்திலிருந்து மலைகளைச் சிறு மேடுகளாகக் கண்டு வந்தவருக்கு இது வியப்பளிக்கும்.

ஹெப்பாள் ஏரியை இறங்கும்போது காண முடியாது. அது நிலையத்துக்கு வடமேற்கே 14 கிலோமீட்டரளவில், நகருக்கு அப்பால் உள்ளது. அந்நேரத்தில் விமானம் மிகத் தாழ்ந்துவிடும். புறப்பாட்டின்போதுதான் வாய்ப்பு. மேற்கு நோக்கி எழுந்து வலப்புறமாகத் திரும்பிச் சென்னைக்குக் கிழக்கே செல்லும் விமானத்தில், திரும்பும் வரை வலப்பக்கம் தாழ்ந்து நிலத்தைக் காட்டும். இடப்பக்கத்தார் வானத்தையே காண்பர். திருப்பம் முடிந்து கிழக்கு நோக்கியதும் காட்சி இடப்பக்கத்துக்கு மாறுகிறது. அருகே மைசூர் நகரம், அதன் வடமேற்கு ஓரத்தில் ஹெப்பாள், அதற்கும் அப்பால் கண்ணம்பாடி என்று பெயர்பெற்ற கிருஷ்ணராஜ சாகரத்தின் விரிந்த நீர், வடக்கே ஸ்ரீரங்கப்பட்டணத் தீவைத் தழுவும் காவிரி ஆகியன தோன்றும். வலப்பக்கத்தாருக்கு நஞ்சன்கூடும் கபினியும், தொலைவில் பிலிகிரிரங்கன் மலைத்தொடரும் உரியன. மைசூர் நகரம் இவ்விரு ஆறுகளுக்கும் இடைப்பட்ட மேட்டில் அமர்ந்திருப்பதால், நகரின் வடசரிவு நீர் காவிரிக்கும் தென்சரிவு நீர் கபினிக்கும் செல்கிறது. இடப்பக்கத்தில் ஒரு மாணவரையும் வலப்பக்கத்தில் மற்றொருவரையும் அமர்த்தினால், அவர்கள் எழுதிவரும் குறிப்புகள் இரண்டையும் சேர்த்த பின்னரே அம்மேடு முழுவடிவம் பெறும்.

பயணத்துக்கு ஏற்ற காலம் மழை ஓய்ந்த பின்வரும் நாள்களே. மழை தூசியைக் கழுவிவிடுகிறது, ஏரிகளும் நிறைந்திருக்கும். மார்கழி, தை மாதக் காலைகளில் பனிமூட்டம் தரையை ஒட்டித் தங்குவதால் வெயில் ஏறிய பின் புறப்படுவது நன்று. ஏறும்போதும் இறங்கும்போதும் சாளர மறைப்பைத் திறந்து வைக்குமாறு பணியாளர் கூறுவது பொதுவான பாதுகாப்பு முறை. படைத்துறையும் பயன்படுத்தும் சில நிலையங்களில் அதனை மூடுமாறும், படம் எடுக்கலாகாதென்றும் கூறுவதுண்டு. அவ்வாறு கூறினால் அவ்வாறே செய்ய வேண்டும். இருக்கையைத் தெரிவு செய்ய வாய்ப்பில்லாதவர் பதிவு மேசையில் ‘ஏ’ எழுத்தையோ இறுதி எழுத்தையோ பெயர் சொல்லிக் கேட்கலாம். “சாளரம் வேண்டும்” என்று மட்டும் கேட்பவருக்குச் சாளரம் கிட்டும், பக்கம் கிட்டாது.